பெயர் கேட்காத சாஃப்ட்வேர்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது கும்மிடிப்பூண்டியில், அவர் வேலை செய்த யூனிட்டில், காலை டீ நேரத்தில். கையிலிருந்த டம்ளர் நழுவியது, அதை எடுக்கக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார் என்றார்கள். நான் அப்போது திருநின்றவூரில் ஒரு மெட்ரிக் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மவுசைப் பிடித்து வீடு வரையச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆயா வந்து, "டீச்சர், போனு. உன் ஊட்டுக்காரரு கம்பெனியிலிருந்து" என்றார்.

சென்னைப் பெரியாஸ்பத்திரியில் பல வாரம் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். வலது கையும் வலது காலும் போயிருந்தன. கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது, கை தேறவில்லை. அதைவிடப் பெரிய அடி பேச்சில். அவரிடம் மிஞ்சியது ஒரே ஒரு சொல், "இல்ல". தண்ணீர் வேண்டுமா என்றால் "இல்ல" என்பார், தலை ஆமாம் என்று ஆடும். வலிக்கிறதா என்றாலும் "இல்ல", கண்ணில் நீர் நிற்கும். வாயைப் பார்க்காமல் முகத்தைப் பார்க்கப் பழகிக்கொண்டேன். எழுதச் சொன்னால் இடது கையில் பேனாவை வைத்துக்கொண்டு தாளையே பார்த்துக்கொண்டிருப்பார். தன் பெயரின் முதல் எழுத்துகூட வரவில்லை. எண்களும் போய்விட்டன. மூன்று விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டேன். விரல்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். மனிதர் உள்ளே இருக்கிறாரா இல்லையா என்பதே எனக்குத் தெரியவில்லை. இதை யாரிடமும் வாய்விட்டுக் கேட்கவும் பயம்.

யூனிட்டின் முதலாளியை நாங்கள் பாய் என்றே கூப்பிடுவோம். பழவேற்காட்டில் வலையும் கயிறும் வியாபாரம் செய்யும் குடும்பம். அந்தக் கடையில் உட்காரப் பிடிக்காமல், பாலிடெக்னிக்கில் தன்னோடு படித்த என் கணவரைச் சேர்த்துக்கொண்டு இந்தத் தொழிலைத் தொடங்கியவர். இரும்பாலைகளில் உலையின் சூட்டைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் கார்டுகள் செய்தார்கள். ஒவ்வொரு ஆலைக்கும் ஒரு மாதிரி கார்டு. வெளிவேலை எல்லாம் பாய், கார்டுக்குள் இருப்பதெல்லாம் என் கணவர்.

பாய் வாரம் ஒருமுறை பெரியபாளையம் வழியாகப் பைக்கில் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவார். ஐப்பசி மழை நேரத்தில் ஒருநாள் நனைந்துகொண்டே வந்தார். அன்று அவர் முகம் சரியில்லை. என் கணவர் தூங்கிக்கொண்டிருந்ததால் என்னைச் சமையலறை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, பெரிய மில்லுல கார்டு எரிஞ்சி போச்சி. ஒரு மூலை அப்பிடியே கரி. ஒரு உலை அணைஞ்சி கெடக்குது. மில்லுகாரன் போன் மேல போன் போட்டுக்கினு கீறான். நான் இன்னா சொல்றது அவனுக்கு?"

"வேற ஒண்ணு செஞ்சு குடுக்க முடியாதா பாய்?"

"படம் இருந்தா செய்யலாம். படம் ஏது? எல்லாம் அவன் மண்டைக்குள்ள இல்ல கீது. சிகரெட் அட்டையில வரைவான், வேலை முடிஞ்சா கிழிச்சிப் போட்டுருவான். எவனும் காப்பி அடிக்கக் கூடாதுன்னு ஐசி மேல இருக்கிற நம்பரை உப்புத்தாள் வச்சித் தேச்சி அழிச்சிட்டுத்தான் பொருத்துவான்."

ஐசி என்பது கறுப்பாகக் கால்களோடு பூச்சி மாதிரி இருக்குமே, அந்தச் சில்லு. அதன் முதுகில் அச்சடித்த எண்தான் அது என்ன சில்லு என்று சொல்லும்.

"பொங்கலுக்குள்ள உலை எரியலைன்னா வேற கம்பெனிக்குப் போயிருவேன்றான். அவன் போனா நமக்கு இருக்கிறதெல்லாம் சில்லறை வேலை. யூனிட்டை மூட வேண்டியதுதான்" என்றார் பாய். பிறகு தூங்குகிற நண்பரைப் பார்த்து, "இவன் ஒரு வார்த்தை பேசினா போதும்" என்றார்.

பாய் தாமதமின்றி இவர் சம்பளத்தை எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். யூனிட் போனால் அதுவும் போகும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அன்று என்னை வதைத்தது அதில்லை. இவர் பேசமாட்டார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இனி இவரிடம் கேட்பதற்கு யாருக்கும் ஒன்றும் இருக்காது. அதுதான்.

அந்த வாரம் பழைய எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகைகளை எடுத்து அவர் மடியில் வைத்தேன். வெறுமனே புரட்டினார். ஒரு பக்கத்தில் சர்க்யூட் படம் வந்தது. நிறுத்தினார். விரலை மெதுவாகக் கோட்டின் மேல் ஓட்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் குத்தினார். "இல்ல, இல்ல, இல்ல." இந்த முறை தலையும் இல்லை என்று ஆடியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பாய் வந்ததும் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"தங்கச்சி, டையோடைத் திருப்பிப் போட்டு அச்சடிச்சிட்டானுங்க. இதைக் கண்டுபுடிச்சிட்டானா இவன்?"

உள்ளே இருக்கிறார். சொல்தான் இல்லை, அவர் இருக்கிறார்.

ஆனால் வெளியே எடுப்பது எப்படி? இடது கையில் பென்சில் கொடுத்தோம். கோடு எங்கெங்கோ போயிற்று. ஒரு ரெசிஸ்டர் படத்தைக்கூட முடிக்க முடியாமல் பென்சிலை எறிந்தார். எனக்குத் தெரிந்தது கம்ப்யூட்டர் ஒன்றுதான். வீட்டில் பழைய அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் இருந்தது. சர்க்யூட் வரைவதற்கென்றே சாஃப்ட்வேர் இருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். அதில் கோடு தானே நேராக வரும், நடுங்காது.

முதலில் பாய் ஒரு பெரிய சாஃப்ட்வேரின் சிடியைக் கொண்டுவந்தார். கம்பெனிகள் எல்லாம் இதில்தான் வரைகின்றன என்றார். அதை ஏற்றி முடிப்பதற்குள் எங்கள் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கியது. திறந்தால் திரை முழுக்கப் பட்டன்கள். அவரைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து உட்கார வைத்தேன். ஒரு ரெசிஸ்டரை வைக்கலாம் என்று அழுத்தினேன். கட்டம் ஒன்று திறந்து, என்ன பாகம் வேண்டும், பெயரைத் தட்டு என்றது. கர்சர் விட்டுவிட்டு மின்னியது.

அவர் அந்தக் கட்டத்தைப் பார்த்தார். இடது விரல் கீபோர்டின் மேல் வட்டமிட்டது, இறங்கவில்லை. வாழ்நாள் முழுக்கக் கையில் வைத்திருந்த பொருளின் பெயர். பிறகு ஏதோ ஒரு எழுத்தை அழுத்தி விரலை எடுக்காமலே இருந்தார். கட்டம் முழுக்க அதே எழுத்து ஓடியது. "இல்ல" என்று அவர் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு அம்மா ஓடிவந்துவிட்டார்.

இரண்டாவதாக, பள்ளியில் நான் சொல்லிக்கொடுக்கும் பெயிண்ட். அதில் பெயர் வேண்டாம். ஆனால் அவர் கை நடுக்கமெல்லாம் அப்படியே திரையில் வந்தது. தானே அழிப்பானை எடுத்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது, கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் இருந்த ஒரு சோதனைப் பதிப்பு. பாகங்கள் படமாகவே இருந்தன. ரெசிஸ்டரை வைத்தார், கெபாசிட்டரை வைத்தார். ஒயர் இழுக்கும்போதுதான் பிரச்சினை. ஒரு முனையைத் தொட்டால் ஒயர் மவுசோடு ஒட்டிக்கொண்டு, போகிற இடமெல்லாம் பின்னாலேயே வந்தது. அதை விடுவிக்க வலது பட்டனையோ எஸ்கேப்பையோ அழுத்த வேண்டும். நான் எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு அந்த நேரத்தில் அது வரவில்லை. ஒயரை உதறப் பார்த்து மவுசை ஆட்ட ஆட்ட, அது திரை முழுக்கச் சுற்றிக்கொண்டது. வலையில் மாட்டியவர் மாதிரி மூச்சு இரைத்தார். நான் கம்ப்யூட்டரின் சுவிட்சையே அணைத்தேன். அன்று சாப்பிடவில்லை அவர்.

மார்கழி பிறந்திருந்தது. கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு தொடங்கும்போதே எனக்கு விழிப்பு வந்துவிடும். இன்னும் ஒரு நாள் போயிற்று என்றுதான் முதலில் தோன்றும்.

பள்ளி விட்டதும் ஸ்டேஷன் ரோட்டில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போவேன். எங்கள் வீட்டில் இணைப்பு இல்லை. எளிய, சுலபமான, சர்க்யூட் வரைய என்று எப்படியெல்லாமோ தட்டித் தேடினேன். எல்லாமே தங்களை எளியது என்றுதான் சொல்லிக்கொண்டன. ஆயிரக்கணக்கான பாகங்கள் உண்டு, வரைந்ததை ஓட்டிப் பார்க்கலாம், போர்டு தயாரிக்கலாம் என்று பெருமை. என்னென்ன இல்லை என்று ஒருவரும் எழுதவில்லை. எனக்கு வேண்டியது இல்லாதவைதான். பெயர் கேட்கக் கூடாது. எண் கேட்கக் கூடாது. வலது பட்டன் கூடாது. படங்கள் பெரிதாக, எப்போதும் கண்ணெதிரே இருக்க வேண்டும். ஒயர் இழுத்துவிட்டுக் கையை எடுத்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும். ஒவ்வொன்றாக இறக்கி, அங்கேயே திறந்து பார்த்து, தள்ளிக்கொண்டே வந்தேன்.

சென்டர் நடத்துகிறவர் ஒருநாள் கேட்டேவிட்டார்: "இன்னாக்கா, தினம் வந்து எதையோ தேடிக்கினே கீறீங்க. சொன்னா நானும் தேடுவேன்ல?"

சொன்னேன். சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. பக்கத்து கம்ப்யூட்டர்களில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி அழுதுவிட்டேன். சென்டர்காரர் எனக்கு ஒரு டீ வரவழைத்துவிட்டு, இன்னொரு மெஷினில் உட்கார்ந்து தேட ஆரம்பித்தார். நான்கைந்து நாளுக்குப் பிறகு நான் உள்ளே நுழைந்ததும், "அக்கா, இத்தப் பாருங்க. ரொம்ப சப்பையா கீது, ஒண்ணுமே இல்ல இதுல" என்றார்.

யாரோ ஒரு தனி மனிதர் தன் பொழுதுபோக்குக்காக எழுதி, எல்லோரும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று போட்டுவைத்திருந்த சின்னஞ்சிறு சாஃப்ட்வேர். இடது ஓரத்தில் ஒரு பட்டை. அதில் ரெசிஸ்டர், கெபாசிட்டர், டையோடு, ட்ரான்சிஸ்டர், ஐசிக்கு ஒரு வெறும் பெட்டி, சிக்னலைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிஃபையருக்கு ஒரு முக்கோணம். பிடித்து இழுத்துப் போட்டால் விழும். ஒயரை அழுத்தி இழுத்து விட்டால் நிற்கும். ஓட்டிப் பார்க்க முடியாது, வேறெதுவும் முடியாது. இறக்கும்போது இணைப்பு இடையிடையே அறுந்தது. சென்டர்காரர் விடாமல் இறக்கி சிடியில் எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் மவுசின் பட்டன்களை இடது கைக்கு மாற்றிவைத்தேன். என் கணவர் வர மறுத்தார். நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஏங்க, இது ஒண்ணும் கேக்காது. சத்தியமா எதையும் கேக்காது. ஒரு தடவை பாருங்க."

நானே ஒரு ரெசிஸ்டரை இழுத்துப் போட்டுக் காட்டினேன். வேண்டுமென்றே தப்பாக, குறுக்கே போட்டேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு என் கையைத் தள்ளிவிட்டு மவுசைப் பிடித்து அதைத் திருத்தி வைத்தார். பக்கத்தில் ஒரு ட்ரான்சிஸ்டர். இரண்டையும் சேர்த்து ஒரு ஒயர். நான் பின்னாலேயே நின்றேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாசனை வந்தும் நகரவில்லை.

மறுநாள் பாய் நாஷ்டாகூட சாப்பிடாமல் ஓடிவந்தார். திரையில் இருந்த படத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது, பிறகு மெல்லச் சுருங்கியது.

"தங்கச்சி, இது உலை கார்டு இல்ல. நாங்க மொதமொதல்ல செஞ்ச எமர்ஜென்சி லைட்டு. எங்க ஊர்ல கடை கடையா ஏறி வித்தோம்." நண்பர் பக்கம் குனிந்தார். "டேய் மச்சான், இது இல்லடா. உலைடா, உலை."

அவர் பாயைப் பார்த்துச் சிரித்தார். நோய்க்குப் பிறகு முதல் சிரிப்பு. மறுபடியும் எமர்ஜென்சி லைட்டையே வரைய ஆரம்பித்தார்.

இரண்டு நாள் அதையே வரைந்தார். எனக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் அடங்கியது. அப்புறம் பாய் எரிந்துபோன கார்டையே எடுத்துவந்து அவர் மடியில் வைத்தார். கருகிய மூலையை என் கணவர் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். விரலில் ஒட்டிய கரியைப் பார்த்தார். அவரே நாற்காலியைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பச் சொல்லிக் கையைக் காட்டினார்.

அன்றிலிருந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வரைந்தார். களைத்துவிடுவார், அப்படியே தூங்கிவிடுவார். சில நாள் முந்தைய நாள் வரைந்ததை அடையாளம் தெரியாமல் விழிப்பார். ரெசிஸ்டரின் மதிப்பை எண்ணாகச் சொல்ல முடியாது, ஆனால் ரெசிஸ்டர் மேல் நிறக் கோடுகள் இருக்குமே, கார்டில் இருந்ததைத் தொட்டுக் காட்டுவார். நான் நிறத்தைப் பார்த்து எண்ணாக மாற்றி எழுதுவேன். கருகிப்போனவற்றுக்குப் பாய் பல ரெசிஸ்டர்களை மேசையில் பரப்பிவைக்க, அவர் பொறுக்கி எடுப்பார். ஐசிகளும் அப்படித்தான். யூனிட்டில் இன்னும் எண் அழிக்காத சில்லுகள் இருந்த டப்பாவைக் கொண்டுவந்து தட்டில் கொட்டினோம். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒன்றை எடுத்துத் திரைமேல் வைத்துக் காட்டினார்.

ஒன்று மட்டும் அகப்படவில்லை. கருகிய மூலையில் இருந்த சில்லு. தட்டில் இருந்த எதைக் காட்டினாலும் தள்ளிவிட்டார். பாய், படத்தைப் பார்த்துச் செய்த புதுக் கார்டில் அளவு ஒத்திருக்கிறது என்று ஒன்றைப் பொருத்திப் பார்த்தார்; கார்டு உயிர் பெறவில்லை.

"பேஜாரா கீதே தங்கச்சி. நாளான்னிக்கு போகி."

ஒவ்வொன்றாக மறுபடியும் காட்டினேன். "இதுவா? இதுவா? பாத்துச் சொல்லுங்க, இதுவா?" அவர் தட்டையே தள்ளிவிட்டார். சில்லுகள் தரையெங்கும் சிதறின. நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இவ்வளவு தூரம் வந்து, ஒரு எண். ஒரே ஒரு எண் அவருக்குள் எங்கேயோ கிடக்கிறது, எட்டவில்லை. அழுது முடித்துத் தரையில் கிடந்தவற்றைப் பொறுக்கலாம் என்று வந்தேன்.

அவர் கம்ப்யூட்டரில் வரைந்துகொண்டிருந்தார். கருகிய சில்லுக்காக வைத்திருந்த பெட்டியை அழித்துவிட்டார். ஐயோ, இருந்ததும் போயிற்றா என்று ஓடினேன். பெட்டி இருந்த இடத்தில் நான்கு முக்கோணங்கள் இருந்தன. ஒவ்வொரு முக்கோணத்தின் நுனியிலும் ஒரு ட்ரான்சிஸ்டரைச் சேர்த்துக்கொண்டிருந்தார். கடைசி ஒயரை இழுத்து விட்டதும் மவுசை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அவசரமே இல்லாத பார்வை.

அந்தச் சில்லுக்குப் பெயர் சொல்ல வராததால், அதைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று வரைந்திருக்கிறார். அது அப்போது எனக்குப் புரியவில்லை. படத்தை அச்செடுத்து பாயிடம் கொடுத்தேன். பாய் அதை எடுத்துக்கொண்டு சென்னையில் பாகங்கள் விற்கும் கடைக்கு ஓடினார். கடைக்காரர் படத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒன்றை எடுத்துவந்து மேசையில் வைத்தாராம். பாய் முதலில் பொருத்திப் பார்த்ததும் நான்கு முக்கோணம் உள்ளதுதான், ஆனால் நுனியில் அந்த ட்ரான்சிஸ்டர் இல்லாத வேறு சில்லு.

பொங்கலுக்கு முந்தின நாள் மில்லில் உலை எரிந்தது. பாய் ஒரு வேன் பிடித்து எங்களை அழைத்துப்போனார். மில்லின் சத்தத்தில் யாருக்கும் பேச்சு கேட்கவில்லை. அங்கே எல்லோரும் கையசைத்துத்தான் பேசிக்கொண்டார்கள். நோய் வந்த பிறகு அவர் மற்றவர்களைப் போலவே இருந்த ஒரே இடம் அதுதான் என்று நினைக்கிறேன். மீட்டரின் முள் சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, போகலாம் என்று கண் காட்டினார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். பேச்சு வரவேயில்லை. அடுத்த சில வருஷங்களில் அந்த மில் புது மாதிரிக் கருவிகளுக்கு மாறியது. பாயின் யூனிட் பழைய கார்டுகளைப் பழுதுபார்க்கும் இடமாகச் சுருங்கியது. ஆனால் அந்த வருஷங்களில் படமில்லாத கார்டு எது வந்தாலும் பாய் அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் வரைந்தார். காலையில் குளித்ததும் சட்டையைக் காட்டி மாட்டிவிடச் சொல்வார், வேலைக்குப் போகிறவர் போல. அப்புறம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். நாங்கள் சண்டைகூடப் போட்டுக்கொண்டோம், நான் கத்த, அவர் "இல்ல" என்று கத்த.

பிறகு பக்கவாதம் இரண்டாவது முறை வந்தது. இந்த முறை படங்களும் போய்விட்டன. ட்ரான்சிஸ்டரை எடுத்து வைத்துவிட்டு அதன் கால்களில் எதை எங்கே சேர்ப்பது என்று தெரியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். பாய் பக்கத்தில் இருந்தார். எழுந்து என் கணவரின் தோளில் கை வைத்து, "போதும் மச்சான், டீ குடிக்கலாம் வா" என்றார். நான் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு டீ போடப் போனேன்.